எல்லைக்கோட்டில் – 9: அந்த நூறு பாட்

பாங்காக்கின் ஹுவா லம்போங் நிலையத்திலிருந்து விடியுமுன் கிளம்பும் மூன்றாம் வகுப்பு ரயில், நடுப்பகல் வாக்கில் அரண்யபிரதேட்டில் கொண்டுபோய் விடும். கட்டணம் ஐம்பது பாட்டுக்கும் குறைவு. அங்கிருந்து ஆட்டோ போன்ற ஒரு துக்துக் பிடித்தால் சற்று நேரத்தில் கம்போடிய எல்லை, போய்பெட். அங்கோர் வாட்டைத் தரைவழியாகப் போய்ப் பார்க்க நினைத்த கூட்டமெல்லாம், நம்மவர்கள் உட்பட, இந்த வழியில்தான் போனது. எல்லைத் தகராறு முற்றி 2025 ஜூனில் தாய்லாந்து தன் பக்கத்தை அடைத்துவிட்டது. இங்கே சொல்வது அதற்கு முன்பு ஆண்டுக்கணக்கில் அங்கே நடந்துவந்த கதை.

துக்துக்காரர் உங்களை எல்லைக்குக் கொண்டுபோக மாட்டார். அதற்குச் சற்று முன்னால், தூதரகம் என்று பலகை மாட்டிய ஒரு கட்டடத்தின் வாசலில் இறக்குவார். உள்ளே மேசை, படிவம், சீருடை மாதிரி ஏதோ ஒன்றைப் போட்டுக்கொண்ட ஆள். விசாவை இங்கேதான் எடுக்க வேண்டும், எல்லையில் தரமாட்டார்கள் என்பார்கள். பொய். தாய்லாந்தை விட்டு வெளியேறியதற்கான முத்திரை வாங்கி, இரு நாட்டுக்கும் நடுவே வரிசையாக நிற்கும் சூதாட்ட விடுதிகளைத் தாண்டினால் உண்மையான ஜன்னல் இருக்கிறது. சுற்றுலா விசாவுக்கு அங்கே 30 டாலர். 2014 அக்டோபர் வரை அது 20 ஆக இருந்தது.

முப்பது டாலர் என்று பெரிய எழுத்தில் பலகையிலேயே போட்டிருக்கும். அந்தப் பலகைக்குக் கீழே உட்கார்ந்துகொண்டுதான் அதிகாரி “முப்பது டாலரும் நூறு பாட்டும்” என்பார். இல்லையென்றால் மொத்தத்தையும் பாட்டிலேயே கேட்பார், அவர் சொல்லும் மாற்று விகிதத்தில். போட்டோ கொண்டுவர மறந்திருந்தால் அதற்குத் தனியாக ஒரு தொகை. டாலர் நோட்டின் ஓரத்தில் ஊசிமுனை அளவு கிழிசல் இருந்தால் வேறு நோட்டு. கொஞ்சம் தள்ளி இன்னொரு மேசையில் காய்ச்சல் பார்க்கும் கருவியை நெற்றிக்கு நேரே நீட்டிவிட்டு, ஒரு துண்டுச் சீட்டைக் கொடுத்து, ஒரு டாலர் கேட்பார்கள். எதற்கும் ரசீது கிடையாது.

நூறு பாட் என்பது நம் காசில் இருநூற்றைம்பது ரூபாய் சொச்சம். ஐந்நூறு கேட்டால் மறுப்பவன், ஆயிரம் கேட்டால் சண்டைக்கு நிற்பவன், நூறுக்குப் பையைத் திறந்துவிடுகிறான். இந்தத் தொகையைக் கண்டுபிடித்தவர் யாராக இருந்தாலும் மனிதர்களை நன்றாகப் படித்தவர். நம்மை ஏற்றிக்கொண்டு போக வேண்டிய பஸ் அந்தப் பக்கம் இஞ்சினை நிறுத்தாமல் காத்திருக்கிறது. வரிசையில் பின்னால் நிற்பவர்கள் முணுமுணுக்கிறார்கள். கொடுக்க மாட்டேன் என்று சொன்னவரை யாரும் திட்டுவதில்லை, மிரட்டுவதுமில்லை. “அப்படி உட்காருங்கள்” என்று ஒரு பிளாஸ்டிக் நாற்காலியைக் காட்டுவார்கள். பாஸ்போர்ட் மேசையிலேயே இருக்கும், யாரும் தொட மாட்டார்கள். அரைமணி, ஒருமணி பொறுத்தால் பெரும்பாலும் முப்பது டாலருக்கே விசா கிடைத்துவிடும், பஸ்ஸைத்தான் கோட்டை விட்டிருப்போம். அங்கே விற்கப்படும் சரக்கு விசா அல்ல, அந்த ஒரு மணி நேரம்.

கம்போடியாவின் வடக்கு எல்லையில், லாவோஸிலிருந்து வரும் நோங் நோக் கியன் சாவடியில், இதுவே இன்னும் தேர்ந்த ஏற்பாடு. லாவோஸ் பக்கம் வெளியேறும் முத்திரைக்கு இரண்டு டாலர், கம்போடியா பக்கம் நுழையும் முத்திரைக்கு மறுபடி இரண்டு டாலர் என்று வாடிக்கையாகவே ஆகிவிட்டது. மினிபஸ் நடத்துபவர் எல்லாருடைய பாஸ்போர்ட்டையும் வாங்கி, தலைக்கு இன்னும் சில டாலர் சேர்த்து, “நானே பார்த்துக்கொள்கிறேன்” என்பார். தானே வரிசையில் நின்று மிச்சம் பிடிக்கப் பார்க்கிறவர் மேல் அவருக்குத்தான் அதிகாரியைவிடக் கோபம் வரும். இதே லாவோஸில், தாய்லாந்தின் நோங் காயிலிருந்து வரும் நட்புப் பாலத்தில் சனி ஞாயிறுகளில் ‘ஓவர்டைம்’ என்று ஒரு டாலருக்குப் பக்கத்தில் வாங்குவார்கள். அது பலகையில் எழுதி, முறையாகவே வாங்குகிற கட்டணம். அங்கே ஒருமுறை கொடுத்துப் பழகியவருக்கு, தெற்கே கேட்கும் இரண்டு டாலரும் அதே ஜாதியாகத்தான் தெரியும்.

நம் ஊர் மாமூலுக்கும் இதற்கும் ஒரு பெரிய வித்தியாசம் உண்டு. சார்பதிவாளர் அலுவலகத்திலோ ஆர்.டி.ஓ. அலுவலகத்திலோ நமக்கு ஆள் இருக்கிறார். புரோக்கர், மச்சான், கட்சிக்காரர், யாரோ ஒருவர். நாளைக்கும் அதே வாசலுக்கு வரப்போகிறவன் என்று நம்மைத் தெரியும். பேரம் பேசலாம், கடன்கூடச் சொல்லலாம். புகார் கொடுக்க ஓர் இடமும், கோபத்தைக் காட்ட ஓர் ஓட்டும் நம்மிடம் உண்டு. வெளிநாட்டுக்காரனுக்கு இவை எதுவும் இல்லை. பாஷை தெரியாது, நாளைக்கு ஊரில் இருக்க மாட்டான், நூறு பாட்டுக்காகத் திரும்பி வந்து வழக்குப் போட மாட்டான். சட்டத்தை வளைக்கச் சொல்லியும் அவன் கொடுப்பதில்லை. சட்டம் ஏற்கெனவே அவனுக்குத் தந்ததை வாங்கத்தான் கொடுக்கிறான்.

அமெரிக்கச் சட்டம் இதைக் கவனித்திருக்கிறது, வேடிக்கையான முறையில். வெளிநாட்டு அதிகாரிகளுக்கு அமெரிக்கக் கம்பெனிகள் லஞ்சம் கொடுப்பதைத் தடுக்க 1977-இல் அவர்கள் கொண்டுவந்த சட்டத்தில், 1988 திருத்தத்தின்படி, வழக்கமான அரசு வேலையை விரைவுபடுத்தக் கொடுக்கும் பணத்துக்கு விலக்கு உண்டு. உதாரணங்களில் விசாவும் பெயர் சொல்லியே குறிப்பிடப்பட்டிருக்கிறது. பிரிட்டனின் 2010 சட்டம் அந்த விலக்கைத் தரவில்லை. ஒரே ஜன்னலில் முன்னும் பின்னும் நிற்கும் இரண்டு கம்பெனிக்காரர்களில் ஒருவர் கொடுத்தால் செலவுக் கணக்கு, இன்னொருவர் கொடுத்தால் குற்றம்.

இதையெல்லாம் எதிர்த்துக் கேட்டவர்கள் உண்டா? சீனாவின் கதை இங்கே முக்கியம். வியட்நாமின் மோங் காய் சாவடியில் 2017-இல், பத்து யுவான் ‘டிப்’ கொடுக்க மறுத்த சீனப் பயணி ஒருவரை அதிகாரிகள் அடித்துவிட்டதாகச் செய்தி வந்தது. பத்து யுவான் என்றால் அப்போது நூறு ரூபாய்தான். சீன அரசு அதைச் சும்மா விடவில்லை. தூதரக வழியில் கண்டனம் போனது.

ஜகார்த்தாவில் இன்னும் பக்குவமாகச் செய்தார்கள். 2025 ஜனவரியில் சீனத் தூதரகம் இந்தோனேசிய வெளியுறவு அமைச்சகத்துக்கு ஒரு கடிதம் அனுப்பியது. சுகர்னோ-ஹத்தா விமான நிலையத்தில் 2024 பிப்ரவரி முதல் ஓராண்டுக்குள் தன் குடிமக்களிடம் பணம் பறித்த 44 சம்பவங்கள் பட்டியலாக இருந்தன. அறுபதுக்கும் மேற்பட்டவர்களுக்கு மொத்தம் 3 கோடியே 27 லட்சத்து 50 ஆயிரம் ரூபியா திரும்பக் கிடைத்திருந்தது. கோடி என்றதும் மலைக்க வேண்டாம், நம் பணத்தில் ஒன்றேமுக்கால் லட்சம். ஆளுக்குப் பிரித்தால் ஏறத்தாழ 5 லட்சம் ரூபியா வரும். இந்தோனேசியாவில் வந்திறங்கி வாங்கும் விசாவின் கட்டணமும் அதே 5 லட்சம் ரூபியாதான். அரசாங்கத்துக்கு ஒரு விசா, எனக்கு ஒரு விசா என்று கணக்கு வைத்திருந்தார்கள் போலிருக்கிறது.

கடிதத்தில் இருந்த கோரிக்கைகள்தான் எனக்குப் பிடித்தவை. ‘டிப் கொடுக்காதீர்கள்’, ‘பறித்தால் புகார் செய்யுங்கள்’ என்று சீனம், இந்தோனேசியம், ஆங்கிலம் மூன்றிலும் பலகை வைக்கச் சொன்னார்கள். கொடுத்துவிட்டுப் போங்கள் என்று பயணிகளுக்குச் சொல்லித்தருகிற டிராவல் ஏஜென்சிகளையும் தடுக்கச் சொன்னார்கள். தங்கள் ஊர்ப் பயணிகளும் அவர்களை அழைத்துவருபவர்களும் சேர்ந்துதான் இந்த வழக்கத்தை வளர்த்தார்கள் என்பது அவர்களுக்குத் தெரிந்திருந்தது. கடிதம் வெளியே வந்து பரவியதும், பட்டியலில் இருந்த அதிகாரிகள் அத்தனை பேரையும் விமான நிலையத்திலிருந்து மாற்றிவிட்டதாகக் குடிநுழைவுத் துறை அமைச்சர் அறிவித்தார். அறுபது வங்காளதேசத்துக்காரர்கள் இப்படிக் கொடுத்திருந்தால் கடிதம் போயிருக்குமா, போனாலும் பதில் வந்திருக்குமா என்று தெரியவில்லை. எனக்குச் சந்தேகம்தான்.

பாலியில் நடந்ததையும் சொல்லிவிடுகிறேன். ஙுரா ராய் விமான நிலையத்தில் முதியோர், கர்ப்பிணிகள், மாற்றுத்திறனாளிகள் போன்றோருக்கென்று இலவச விரைவு வரிசை ஒன்று இருக்கிறது. அதைத் தலைக்கு ஒரு லட்சம் முதல் இரண்டரை லட்சம் ரூபியா வரை வாங்கிக்கொண்டு மற்றவர்களுக்கு விட்டதாக, 2023 நவம்பரில் பாலி அரசு வழக்கறிஞர்கள் ஐந்து அதிகாரிகளைப் பிடித்தார்கள்.

தீர்வு என்று எல்லாரும் சொல்வது இ-விசா. கம்போடியா 2006-லேயே கொண்டுவந்தது. ஆனால் விசாவின் 30 டாலருக்கு மேலே 6 டாலர் செயலாக்கக் கட்டணம் என்று பல ஆண்டுகள் வாங்கினார்கள். ஜன்னலில் கேட்ட நூறு பாட் அதைவிட மலிவு! போதாக்குறைக்கு, அரசாங்கத் தளம் போலவே சோடித்த போலி இணையதளங்கள் தேடலில் முதலில் வந்து நின்று, விலையை இரட்டிப்பாக்கி விற்றன. அரண்யபிரதேட்டில் பலகை மாட்டிய அந்தத் தூதரகம் இணையத்துக்குக் குடிபெயர்ந்ததுதான் மிச்சம். இருந்தாலும் இ-விசாவை அச்செடுத்து வைத்திருப்பவரிடம் ஜன்னல்காரருக்குக் கேட்க அதிகமில்லை என்பதால், நான் யாருக்கும் அதையே சொல்வேன்.

இவ்வளவும் சுற்றுலாப் பயணியின் கதை. நூறு பாட் போனால் அவர் அதை ஊரில் வந்து சிரித்துக்கொண்டே சொல்லலாம். வேலைக்குப் போகிறவரின் கணக்கு வேறு. மலேசியாவில் இதற்கு ‘கவுண்டர் செட்டிங்’ என்று பெயர். ஏஜெண்ட் முன்கூட்டியே பேசிவைத்த குடிநுழைவு அதிகாரி எந்த நேரத்தில், எந்தக் கவுண்டரில் உட்கார்ந்திருப்பார் என்பது முடிவாகியிருக்கும். ஆட்கள் அந்த வரிசைக்கு அனுப்பப்படுவார்கள். சில சமயம் ஆளே வரத் தேவையில்லை, பாஸ்போர்ட் மட்டும் வந்து முத்திரை வாங்கிக்கொண்டு போகும். மலேசிய ஊழல் தடுப்பு ஆணையம் 2020 நவம்பரிலும், மறுபடி 2024-லும் இப்படிக் குடிநுழைவு அதிகாரிகளைக் கும்பலாகக் கைது செய்தது.

இந்த ஏற்பாட்டில் தொழிலாளி யாருக்கும் லஞ்சம் கொடுப்பதே இல்லை. ஊரில் நகையை அடகு வைத்து ஏஜெண்டிடம் கொடுத்த தொகையில், விசா செலவு என்ற ஒரே வரியில் அது அடங்கியிருக்கிறது. தன் பேரில் யாருக்கு எவ்வளவு போனது என்று அவருக்குத் தெரியாது. முத்திரை பொய்யென்று தெரியவரும் நாளில் ஏஜெண்ட் போனை எடுக்க மாட்டார். தடுப்பு முகாமுக்குப் போவது தொழிலாளிதான். அந்த முகாம்களுக்கு அடுத்த வாரம் போவோம்.

(தொடரும்)