அவசரம் மூளைக்கு ஆகாது

1943-ஆம் ஆண்டில், ஜெர்மானியர் ஆதிக்கத்தில் நெதர்லாந்து தேசம் அல்லலுற்றிருந்த காலத்தில், கம்பென் என்னும் சிற்றூர் ஆஸ்பத்திரியில் வில்லெம் கோல்ஃப் என்ற இளம் வைத்தியர் மனித இரத்தத்தைச் சுத்தி செய்யும் யந்திரத்தை இயக்கிக் காட்டினார். 1960-இல் சியாட்டில் நகரத்து பெல்டிங் ஸ்கிரிப்னர், கையின் இரத்தக் குழாய்களில் நிலையாகப் பொருத்தத்தக்க டெஃப்லான் குழாயை அமைத்தபின், சிறுநீரகம் செயலிழந்தோருக்குச் சில நாளைய சிகிச்சையாக இருந்த இந்த டயாலிசிஸ், வருஷக்கணக்கில் உயிர் காக்கும் சிகிச்சையாயிற்று.

எனினும், வாரத்தின் 168 மணி நேரமும் ஓயாமல் சிறுநீரகம் செய்துவரும் காரியத்தை, யந்திரம் பெரும்பாலும் 12 மணி நேரத்துக்குள் செய்து முடிக்க வேண்டியிருக்கிறது. தேகத்தின் எடையில் நூற்றுக்கு இரண்டு பங்கே ஆயினும், பிராணவாயுவில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கை வேண்டி நிற்கும் மூளையை இந்த அவசரம் வெகுவாகப் பாதிக்கிறது. இரத்தத்திலிருந்து நீர் விரைவாக வெளியேற, தசைகளிலும் திசுக்களிலும் தேங்கிய நீர் அதே வேகத்தில் வந்து ஈடுசெய்ய இயலாதபோது, இரத்த அழுத்தம் தாழ்கிறது. அப்பொழுது தானே விரிந்து ஓட்டத்தைச் சீராக்க வேண்டிய மூளையின் நாளங்களோ, நீரிழிவாலும் நெடுநாளைய இரத்தக்கொதிப்பாலும், சுவரில் படியும் சுண்ணச் சத்தாலும் இறுகி, பலருக்கு அந்தச் சக்தியை இழந்திருக்கின்றன.

கோல்ஃபின் தேசத்திலேயே, குரோனிங்கன் ஆராய்ச்சியாளர் டயாலிசிஸ் பெறும் முதியோரிடம் அளந்து 2018-இல் வெளியிட்ட முடிவின்படி, ஒரே அமர்வில் மூளையின் இரத்தவோட்டம் சராசரியாக நூற்றுக்குப் பத்து வீதம் குறைந்தது. வாரந்தோறும் மும்முறை இவ்வாறு நேர்ந்தால், மூளையின் வெண்பகுதியில் நுண்ணிய காயங்கள் சேரக்கூடும். ஞாபகம் தளரலாம், சிந்தனை மந்தமாகலாம். பக்கவாதமும் டயாலிசிஸ் பெறுவோருக்கு மற்றவரைவிட அதிகம். ஞாபகமும் சிந்தனையும் குன்றுவதை வயதின் தளர்ச்சி என்றெண்ணி வீட்டார் வாளாவிருத்தல் கூடாது.

பரிகாரம் நிதானத்தில் இருக்கிறது. உடல் எடையில் கிலோ ஒன்றுக்கு மணிக்கு 13 மில்லிலிட்டருக்கு மேல் நீரை இழுப்பது தகாது என்பர் வைத்தியர். 60 கிலோ எடையுள்ளவருக்கு நான்கு மணி நேரத்தில் இது மூன்று லிட்டர் அளவே ஆகும். ஆகவே, உப்பைக் குறைத்துத் தாகத்தை அடக்கி, உடலில் சேரும் நீரைக் குறைக்கிறவர், மறு அமர்வில் தம் மூளைக்கு நேரவிருக்கும் பாரத்தை அன்றே குறைத்துக்கொள்கிறார். சுத்திகரிப்புத் திரவத்தின் உஷ்ணத்தை உடல் வெப்பத்தினும் அரை டிகிரி தாழ்த்துவதும் சிலருக்கு உதவுகிறது. தலைசுற்றலோ கண்ணிருட்டலோ தோன்றினால் அக்கணமே நர்ஸிடம் சொல்ல வேண்டும். அரைமணி முன்னதாக வீடு திரும்ப வேண்டும் என்ற ஆவல் இயற்கையே. ஆனால் படுக்கையில் பொறுத்திருக்கும் அந்த அரைமணி, தம் மூளைக்கு நோயாளி தாமே அளிக்கும் சிகிச்சையாகும்.