தலைகீழாகச் சாப்பிடும் பூநாரை

இணுவிலில் இருந்து பார்த்தால் கடல் தெரியாது. செம்மண்ணும் வெங்காயமும் புகையிலையும்தான் நம் கண்ணுக்குப் பழக்கம். ஆனால் காலைத் தேத்தண்ணியைக் குடித்துவிட்டுக் காங்கேசன்துறை வீதியால் பட்டினத்துக்கு இறங்கி, பண்ணைப் பாலம் கடந்து மண்டைதீவுப் பக்கம் போவோம். தை, மாசியில் அதிர்ஷ்டம் இருந்தால் பரவைக்கடலில் வெளிறிய ரோசாப்பூ நிறத்தில் ஒரு கூட்டம் நிற்கும். நாலடி உயரம், கால் எது, கழுத்து எது என்று மலைக்க வைக்கும் நீளம். அதுதான் பூநாரை.

பார்த்தவுடன் எல்லோரும் சொல்வது, "மீன் பிடிக்க நிற்குது" என்பதுதான். நானும் கனகாலம் அப்படித்தான் நினைத்திருந்தேன். நீண்ட கால், நீண்ட கழுத்து, தண்ணீருக்குள் தலை. கொக்கைப் பார்த்து வளர்ந்த நமக்கு வேறென்ன தோன்றும்? கொஞ்சம் பொறுத்து, அதன் அலகை மட்டும் பார்ப்போம்.

கொக்கின் அலகு ஈட்டி மாதிரி நேரானது. பூநாரையின் அலகோ நடுவில் மடிந்து கீழே வளைந்திருக்கும். ஈட்டியை மடித்தால் குத்த முடியுமா? இது குத்துவதற்கானதல்ல, வடிப்பதற்கானது. பறவை தலையைக் கவிழ்த்துத் தண்ணீருக்குள் விடும்போது, மேலலகு கீழே வந்துவிடும். உள்ளே தடித்த நாக்கு, நம் தோட்டக் கிணற்றில் தண்ணீர் இறைக்கிற மிசின் போல, முன்னும் பின்னும் போய் ஒரு செக்கனுக்குள் பல தடவை சேற்றுத் தண்ணீரை இழுத்துத் தள்ளும். அலகின் ஓரங்களில் சீப்புப் பல் போன்ற மெல்லிய தகடுகள். தேத்தண்ணி வடியில் சாயம் இறங்கித் தூள் தங்குவதுபோல, தண்ணீர் வெளியே போக, சின்ன இறால்களும் புழுக்களும் பாசியும் உள்ளே தங்கும். அதுதான் அதன் சாப்பாடு. மீனவரின் வலைக்கு அது போட்டியே அல்ல.

நிறமும் அந்தச் சாப்பாட்டில் இருந்துதான் வருகிறது. கரட்டுக்கு நிறம் தருகிற கரோட்டினோயிட் என்ற பொருள் பாசியில் உண்டு; பாசியைத் தின்னும் சின்ன இறாலிலும் உண்டு. அளவுக்கு மிஞ்சிக் கரட் சாப்பிட்ட பிள்ளையின் உள்ளங்கை மஞ்சளாவதைக் கண்டிருப்பீர்கள். பூநாரைக்கு அது இறகில் ஏறுகிறது. குஞ்சு சாம்பல் நிறமாகத்தான் இருக்கும். சிவக்கச் சில வருடம் ஆகும்.

இப்போது, ஏன் இங்கே என்று கேட்கத் தோன்றும். ஆழம் குறைந்த, உப்பும் சேறும் கலந்த தண்ணீர் வேண்டும். நம் பரவைக்கடல் அப்படியானது. குடாநாட்டுக்குத் தென்கிழக்கே சுண்டிக்குளம் 1938இலேயே பறவைகள் சரணாலயமானது, 2015இல் தேசியப் பூங்காவானது. நமக்குக் கிட்டிய பெரிய கூடுகட்டும் இடம் குஜராத்தின் கச்சு உப்புவெளி. பறவையியலாளர் சலிம் அலி 1945இல் அங்கே போய், சுமார் ஐந்து இலட்சம் பூநாரைகள் இருக்கும் என்று கணித்தார்.

பார்க்கப் போனால் கிட்டப் போகவேண்டாம், வீதியோரமே போதும். கூட்டம் ஒருமுறை கிளம்பினால், செவ்விறகும் கருவிறகும் விரிந்து நமக்கு அழகாகத்தான் இருக்கும். ஆனால் அவ்வளவு பாரத்தைத் தூக்கிப் பறக்க, வடித்தெடுத்த சாப்பாட்டைத்தான் அது செலவழிக்க வேண்டும். அவை தாமாகப் போன பிறகு, தண்ணீர் வற்றிய சேற்றைப் பாருங்கள். நின்ற இடத்திலேயே சுற்றிச் சுற்றி மிதித்து இரையைக் கிளப்பியிருக்கும். நடுவில் சின்ன மேடு, சுற்றிவரப் பள்ளம் என்று வட்டம் வட்டமாக அந்த அடையாளம் கிடக்கும்.