இலத்தீனோ குடும்பங்களும் குடும்ப வன்முறையும்: பண்பாடு அறிந்த ஆதரவுப் பணி – ஒரு விளக்கம்

திறவுச்சொற்கள்: குடும்ப வன்முறை, இலத்தீனோ, புலம்பெயர்வு, மொழித்தடை, குடியேற்றச் சட்டம், சமூக ஆதரவு

முன்னுரை

அமெரிக்க ஐக்கிய நாடுகளின் 2020ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பு, அந்நாட்டில் இலத்தீனோ வழியினர் 6.21 கோடிப் பேர் வாழ்வதாகப் பதிவு செய்துள்ளது. மொத்த மக்கள்தொகையில் இது 18.7 விழுக்காடு. ‘இலத்தீனோ’ என்னும் ஒற்றைச்சொல் மெக்சிகோ, புவேர்ட்டோ ரிக்கோ, கியூபா, எல் சால்வடோர், குவாத்தமாலா எனப் பல நிலங்களின் மக்களை ஒரு குடைக்கீழ்க் கொண்டுவருகிறது. இவர்களுள் புவேர்ட்டோ ரிக்கோவினர் 1917 முதல் அமெரிக்கக் குடியுரிமை பெற்றவர்கள். ‘உன்னை நாடு கடத்தச் செய்வேன்’ என்னும் கணவனின் மிரட்டல் அவர்களிடம் செல்லாது. குவாத்தமாலாவின் மலைப்பகுதியிலிருந்து வந்த பெண்ணுக்கோ அம்மிரட்டல் அன்றாட உண்மை. அவளுடைய தாய்மொழி மாம் அல்லது கிச்சே போன்றதொரு மாயா மொழியாக இருக்கலாம். இசுபானிய மொழிபெயர்ப்பாளர் ஒருவரை அமர்த்தியதோடு தன் கடமை முடிந்ததென ஒரு காப்பகம் கருதினால், அப்பெண் அங்கும் பேச்சற்றவளாகவே நிற்பாள். ஆதலால், பண்பாடு அறிந்த ஆதரவுப் பணியின் முதல் வினா, எதிரே அமர்ந்திருப்பவர் எங்கிருந்து, எந்த மொழியோடு, எந்தச் சட்டநிலையில் வந்திருக்கிறார் என்பதே.

பண்பாடு காரணமா?

இலத்தீனோ குடும்பங்களில் நிகழும் வன்முறைக்கு ‘மாச்சிஸ்மோ’ எனப்படும் ஆண்மைப் பெருமிதத்தையும், ‘மரியானிஸ்மோ’ எனப்படும் பொறுமையும் தியாகமும் நிறைந்த பெண்மை இலட்சியத்தையும் காரணமாகக் காட்டும் வழக்கம் ஆய்வுலகில் நெடுநாள் இருந்துவந்தது. பின்னைய சொல்லை எவலின் ஸ்டீவன்ஸ் 1973இல் வெளியிட்ட கட்டுரை ஆய்வுலகில் பரப்பியது. மரியன்னையை முன்மாதிரியாகக் கொண்ட அக்கருத்தாக்கம் ஒரு கண்டத்துப் பெண்கள் அனைவரையும் வரலாறற்ற ஒரே வார்ப்பில் அடைப்பதாக மரிசா நவரோ 2002இல் மறுத்தெழுதினார். அம்மறுப்பு பொருத்தமானது என்பதே இக்கட்டுரையாளரின் கருத்து.

புள்ளிவிவரமும் பண்பாட்டுக் காரண விளக்கத்துக்குத் துணை நிற்கவில்லை. நோய்க்கட்டுப்பாட்டு மையத்தின் 2010ஆம் ஆண்டுத் தேசிய ஆய்வில், வாழ்நாளில் இணையரின் வன்புணர்ச்சி, உடல் வன்முறை, பின்தொடர்தல் ஆகியவற்றுள் ஒன்றையேனும் எதிர்கொண்டதாகக் கூறிய இலத்தீனோ பெண்கள் 37.1 விழுக்காட்டினர், வெள்ளையினப் பெண்கள் 34.6 விழுக்காட்டினர். இவ்விரு எண்களுக்கும் இடையிலான சிறு வேறுபாட்டின்மீது ஒரு பண்பாட்டையே குற்றவாளிக் கூண்டில் ஏற்றுதல் இயலாது. அடியுண்ட பெண் உதவியைத் தேடிச் செல்லும் வழியிலேதான் வேறுபாடு பெரிதாகத் தெரிகிறது.

வாயிலில் நிற்கும் தடைகள்

கிம்பர்லே கிரென்ஷா 1991இல் ஸ்டான்ஃபோர்டு சட்ட ஆய்விதழில் எழுதிய கட்டுரையில் ஒரு நிகழ்வு இடம்பெறுகிறது. கணவனுக்கு அஞ்சித் தன் மகனோடு வெளியேறிய இலத்தீனோ பெண் ஒருவருக்கு, ஆங்கிலம் அறியார் என்பதனால் காப்பகத்தில் இடம் மறுக்கப்பட்டது. ஆதரவுக் குழுவின் உரையாடலில் பங்குகொள்ள இயலாமல் அவர் தனிமைப்பட்டுவிடுவார் என்பது சொல்லப்பட்ட காரணம். பெண்களின் நலனுக்கென வகுக்கப்பட்ட விதியே ஒரு பெண்ணைத் தெருவில் நிறுத்தியது. இத்தகைய சூழலில் மகனையோ மகளையோ மொழிபெயர்க்கச் சொல்வது எளிய தீர்வாகத் தோன்றும். தாய் பட்ட அடியைத் தாயின் முன்னிலையிலேயே அந்நியருக்கு எடுத்துரைக்கும் சுமை ஒரு குழந்தையின்மீது ஏற்றப்படுகிறது என்பதும், குழந்தைக்குத் தெரியக்கூடாதவற்றைத் தாய் மறைத்துவிடுவார் என்பதும் அப்போது மறந்துபோகின்றன.

சட்டத்தின் தடை இதனினும் ஆழமானது. திருமண மோசடியைத் தடுக்க 1986இல் இயற்றப்பட்ட சட்டம், புதிதாக மணந்து வந்த துணைவருக்கு இரண்டாண்டு நிபந்தனை வசிப்புரிமையை மட்டும் தந்தது. நிபந்தனையை நீக்க இருவரும் சேர்ந்து விண்ணப்பிக்க வேண்டும். கணவன் கையெழுத்திட மறுத்தால் மனைவியின் நிலை என்னவாகும் என்று அச்சட்டம் போதிய அளவு எண்ணிப் பார்க்கவில்லை. வன்முறைக்கு உள்ளானோருக்கான விலக்கு 1990இல் சேர்க்கப்பட்டது. 1994ஆம் ஆண்டின் பெண்களுக்கு எதிரான வன்முறைச் சட்டம், அமெரிக்கக் குடிமகனையோ நிரந்தர வசிப்புரிமை பெற்றவரையோ மணந்து வன்முறைக்குள்ளானவர், கணவனுக்குத் தெரியாமல் தாமே வசிப்புரிமைக்கு மனு அளிக்க வழிசெய்தது. கணவனே ஆவணமற்றவனாயின் இவ்வழி இல்லை. 2000ஆம் ஆண்டுச் சட்டம் உருவாக்கிய ‘யு’ விசா அத்தகையோருக்கும் உரியது. எனினும், குற்ற விசாரணைக்கு உதவியதாகக் காவல்துறை போன்ற அமைப்பொன்றின் சான்று அதற்கு வேண்டும். ஆண்டு உச்சவரம்பு 10,000 என்பதால் காத்திருப்பு பல ஆண்டுகள் நீள்கிறது. (எச்-1பி விசாவில் பணிபுரிவோரின் மனைவியராகச் செல்லும் தமிழ்ப் பெண்களுக்கும் மேற்கூறிய தன்மனு உரிமை இல்லை என்பதை இங்குச் சுட்ட வேண்டும். தெற்காசியப் பெண்களுக்கென 1985இல் நியூசெர்சியில் ‘மானவி’ தோன்றியதன் தேவையை இத்தகைய இடைவெளிகள் உணர்த்தும்.)

கொமாத்ரேயின் வீடும் காப்பகமும்

துன்புறும் இலத்தீனோ பெண் பெரும்பாலும் முதலில் நாடுவது தன் கொமாத்ரேயை. குழந்தையின் தாயும் ஞானத்தாயும் ஒருவரையொருவர் அழைக்கும் உறவுச்சொல் அது. இரத்த உறவன்று, எனினும் கடமை மிக்கது. ‘கொன்ஃபியான்சா’ எனப்படும் நெருங்கிய நம்பிக்கை அங்கே உண்டு. அலுவலகத்தின் படிவத்தில் இல்லை. இதனை உணர்ந்த அமைப்புகள் உதவியை அவ்வுறவின் தடத்திலேயே கொண்டுசேர்க்க முயன்றன. மினசோட்டாவின் செயின்ட் பால் நகரில் 1982இல் தொடங்கிய ‘காசா தெ எஸ்பெரான்சா’ முதலில் ஓர் அவசரக் காப்பகம். பின்னர் அவ்வமைப்பு அப்பகுதிப் பெண்களையே தகவலும் வழிகாட்டலும் தரும் தலைவியராகப் பயிற்றியது. 2021இல் ‘எஸ்பெரான்சா யுனைடெட்’ எனப் பெயர் மாறிய அவ்வமைப்பு, சமூகத்தின் வலிமையையே முதலீடாகக் கொள்கிறது.

அட்லாண்டாவில் 1990இல் ஜூலியா பெரில்லா தொடங்கிய ‘கமினார் லத்தீனோ’ இன்னும் துணிவான ஒரு பாதையில் சென்றது. பங்குகொண்ட பெண்களே தம் குழந்தைகளுக்கும் கணவருக்கும் உதவி கேட்டனர். வன்முறை நிற்க வேண்டும், குடும்பம் சிதையக்கூடாது என்பது அவர்களுள் பலரின் விருப்பம். அதனை அறியாமை என ஒதுக்காமல், பெண்கள், வன்முறை புரிந்த ஆண்கள், சிறார் ஆகியோருக்குத் தனித்தனிக் குழுக்களை அவ்வமைப்பு அமைத்தது. பிரேசில் நாட்டுக் கல்வியாளர் பாவ்லோ பிரெய்ரேவின் உரையாடல் முறை இப்பணிக்கு அடித்தளம்: பங்கேற்போர் தம் அனுபவத்தைத் தாமே வினவி, அதன் சமூக வேர்களைக் காண்கின்றனர்.

இங்கு ஓர் எச்சரிக்கை தேவை. குடும்பத்தோடு பணியாற்றுதலும் கணவன் மனைவியை ஒருங்கே அமர்த்தி அறிவுரை கூறுதலும் ஒன்றல்ல. பின்னையதில் பெண் உண்மையைச் சொன்னால் வீடு திரும்பியபின் அடிபடுவாள். பல மாநிலங்களின் நெறிமுறைகள் அதனை விலக்குகின்றன. குடும்பப் பற்றை மதிப்பதாகக் கூறிக்கொண்டு அவளைப் பொறுத்துப்போகச் சொல்வோர், பண்பாட்டின் பெயரால் பழைய அநீதியையே செய்கின்றனர். அப்பண்பாட்டுக்குள் எதிர்ப்பின் மரபும் உண்டு. நவம்பர் 25ஐப் பெண்களுக்கு எதிரான வன்முறையை எதிர்க்கும் நாளாக 1981இல் பொகோட்டாவில் அறிவித்தவர்கள் இலத்தீன் அமெரிக்கப் பெண்ணியர். 1960இல் டொமினிக்கன் குடியரசில் கொல்லப்பட்ட மிரபால் சகோதரியரின் நினைவுநாள் அது. ஐக்கிய நாடுகள் அவை அதனை ஏற்றது 1999இல்தான்.

அச்சத்தின் காலம்

நம்பிக்கை அரசியலோடு ஏறியிறங்குவது. 2017இன் தொடக்க மாதங்களில் இலத்தீனோ மக்கள் அளித்த குடும்ப வன்முறைப் புகார்கள் முந்தைய ஆண்டைவிட ஏறத்தாழ 10 விழுக்காடு குறைந்ததாக லாஸ் ஏஞ்சலிஸ் காவல்துறைத் தலைவர் அறிவித்தார். நாடுகடத்தல் அச்சமே காரணமாகலாம் என்றும் கூறினார். 2025 சனவரியில், காப்பகங்கள் உள்ளிட்ட இடங்களில் குடியேற்ற அதிகாரிகளின் நடவடிக்கையைக் கட்டுப்படுத்திய வழிகாட்டுதல் விலக்கிக்கொள்ளப்பட்டது. மார்ச்சில், ஆங்கிலம் அறியாதோருக்கு மொழியுதவி குறித்த 2000ஆம் ஆண்டு ஆணையும் நீக்கப்பட்டது. 1964ஆம் ஆண்டுக் குடியுரிமைகள் சட்டம் தொடர்ந்து நிலவுகிறது. தன்மனு அளித்தவரின் செய்தியை அதிகாரிகள் வெளியிடக்கூடாது என்னும் 1996ஆம் ஆண்டு விதியும் சட்டநூலில் உள்ளது. அம்மனுவுக்குக் காவல்துறைப் புகார் கட்டாயமில்லை. நம்பத்தக்க எச்சான்றையும் ஏற்கலாம். காவல் நிலையத்துக்குச் செல்ல அஞ்சும் பெண்ணுக்கு இச்செய்தியை அவளுடைய மொழியில், முதற் சந்திப்பிலேயே, அவள் நம்பும் ஒருவரின் வாய்வழி சொல்லியாக வேண்டும்.