முதல் பூச்சித் தூண்டில்

மண்புழுத் தூண்டிலை ஈயக்குண்டின் கனம் தண்ணீருக்குள் இழுத்துப் போகிறது. ஆனால் இறகால் கட்டிய பொய்ப்பூச்சியைக் கொண்டு மீன்பிடிக்கும் ஃபிளைத் தூண்டிலில், பூச்சிக்குக் கனமே இல்லை. கனமெல்லாம் கயிற்றில் இருக்கிறது. கோல் வளைந்து நிமிர்ந்து கயிற்றை வீச, பூச்சி அதன் பின்னே போகிறது.

ஆகவே கோலும் கயிறும் பொருந்தவேண்டும். கோலின் பிடிக்கு மேல் ஓர் எண் இருக்கும். கயிற்றுப் பெட்டியிலும் அதே எண் இருக்கிறதா என்று பாருங்கள். குட்டையில் திலாப்பியா பிடிக்க 9 அடிக் கோலும் 5 அல்லது 6 எண்ணும் போதும்.

ரீல் எதற்கு? கெலா போன்ற பலசாலி மீனுக்குத்தான் நல்ல பிரேக் உள்ள ரீல் தேவை. சிறு மீனைக் கையால் கயிற்றை இழுத்தே கரை சேர்க்கலாம்.

நானோ முதலில் ரீலின் பளபளப்பில் மயங்கினேன். மிச்சக் காசில் வாங்கிய மட்டக் கயிறு என் காலடியிலேயே சுருண்டு விழுந்தது. பல மாதச் சேமிப்பு வீணாயிற்று.

கடைக்குப் போகுமுன் காசைப் பிரித்து வையுங்கள். முதலில் கயிறு, அடுத்துக் கோல், கடைசியில் ரீல். பிறகு முள்ளுக்குப் பதில் பஞ்சுத் துணுக்கைக் கட்டி, பிள்ளைகளோடு திடலில் வீசிப் பழகுங்கள்.