பாட்டு பிள்ளைகளைக் கெடுக்கிறதா?
என்ன கேட்கிறார்கள் என்பதைவிட எப்படிக் கேட்கிறார்கள் என்பதே முக்கியம்

டியூஷன் முடிந்து கண்டியிலிருந்து கம்பளைக்கும் கலஹாவுக்கும் வத்தேகமைக்கும் பஸ் ஏறும் பிள்ளைகள் பலரின் காதில் இயர்போன். அனிருத், யொஹானி, கொரியாவின் பிடிஎஸ் என்று ஆளுக்கொரு விருப்பம். வீட்டிலோ, "எந்நேரமும் பாட்டுத்தான், படிப்பிலும் கவனமில்லை, பேச்சும் மாறிவிட்டது" என்ற கவலை. இந்தக் கவலையில் எவ்வளவு நியாயம் இருக்கிறது?

ஏன் இந்த ஈர்ப்பு?

பிடித்த இசையைக் கேட்கும்போது மூளையில் டோபமைன் சுரப்பதை கனடாவின் மெக்கில் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2011இல் காட்டினார்கள். பாட்டில் பிடித்த இடம் வரப்போகிறது என்ற எதிர்பார்ப்பிலேயே சுரப்பு தொடங்கிவிடுகிறது. பதின்ம வயதில் உணர்ச்சிகள் வேகமெடுக்கும். அவற்றை அடக்கியாளும் மூளையின் முன்பகுதியோ இன்னும் முதிர்ந்துகொண்டிருக்கும். இந்த வயதில் கேட்ட பாட்டு மனதில் ஆழமாகப் பதிய இதுவும் ஒரு காரணமாகலாம்.

வரிகள் நடத்தையை மாற்றுமா?

வன்முறை வரிகள் கொண்ட பாடல்களைக் கேட்ட கல்லூரி மாணவர்களிடம் பகைமை எண்ணங்கள் கூடியதை அமெரிக்க உளவியலாளர் கிரேய்க் ஆன்டர்சன் குழு 2003இல் கண்டது. பிறருக்கு உதவும் கருத்துள்ள பாடல்களைக் கேட்டவர்கள் அதிகமாக உதவ முன்வந்ததை 2009இல் உளவியலாளர் டோபியாஸ் கிரைட்டமேயர் காட்டினார். இரண்டுமே கேட்ட கையோடு அளக்கப்பட்ட விளைவுகள். ஒரு பாட்டே பிள்ளையின் குணத்தை மாற்றிவிடும் என்பதற்கு இவை சான்றல்ல. ஆனாலும் வரிகள் வெறும் ஓசையல்ல என்பதை மறுக்க முடியாது.

நல்ல பக்கத்துக்கு நம் மலையகத்தோடு உறவுள்ள உதாரணம், 2021 மார்ச்சில் வெளிவந்த 'எஞ்சாய் எஞ்சாமி'. பாடலை எழுதி, பாடகி தீயுடன் பாடிய ராப் கலைஞர் அறிவின் பாட்டி வள்ளியம்மாள் இலங்கைத் தேயிலைத் தோட்டத்தில் உழைத்துவிட்டு இந்தியா திரும்பியவர். 1964ஆம் ஆண்டின் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் இந்திய வம்சாவளியினர் 525,000 பேரை இந்தியாவுக்கு அனுப்ப வகைசெய்தது. அந்த வரலாற்றை அப்பாயியிடமும் அம்மாயியிடமும் கேட்டறிய, பிள்ளைக்கு இந்தப் பாட்டே வாசலாகலாம்.

கேட்ட பிறகு மனம் எப்படி இருக்கிறது?

பின்லாந்தின் சுவி சாரிகல்லியோவும் சக ஆய்வாளர்களும் பதின்ம வயதினர் இசையைப் பயன்படுத்தும் விதத்தை அளக்க 2015இல் ஒரு வினாக்கொத்தை வெளியிட்டார்கள். சிலர் சோகப்பாட்டைக் கேட்டு, அழுது, மனப்பாரம் இறங்கி எழுந்துவிடுகிறார்கள். வேறு சிலர் அதே பாட்டைத் திரும்பத் திரும்பக் கேட்டு, பழைய காயத்தையே கிளறிக்கொண்டு, ஆட்களை விட்டு ஒதுங்குகிறார்கள். இரண்டாவது வகையே கவனிக்க வேண்டிய அறிகுறி. அங்கே நோய் பாட்டில் இல்லை. ஏற்கெனவே மனதில் இருக்கும் வலியைத்தான் பாட்டு காட்டிக்கொடுக்கிறது.

காதுக்கு வரும் ஆபத்து

பஸ்ஸின் இரைச்சல், அதற்கு மேல் பஸ்ஸிலேயே ஓடும் பாட்டு. இவற்றை மீறித் தன் பாட்டைக் கேட்க, பிள்ளை சத்தத்தைக் கூட்டிக்கொண்டே போகிறது. 80 டெசிபலில் வாரத்துக்கு 40 மணிநேரம் வரை கேட்பது பாதுகாப்பானது என்கிறது உலக சுகாதார நிறுவனம். அதுவே 90 டெசிபல் ஆனால் 4 மணிநேரம்தான். செவிக்குள் இருக்கும் நுண்ணிய மயிரணுக்கள் அழிந்தால் மீண்டும் முளைப்பதில்லை. காதில் இரைச்சல் கேட்டால் மருத்துவரைப் பார்க்கத் தாமதிக்கக் கூடாது.

வீட்டில் என்ன செய்யலாம்?

• ஃபோனில் சத்தத்தை 60 சதவீதத்துக்கு மேல் போகாதபடி வையுங்கள்.
• மனனம் செய்யும்போதும் வாசிக்கும்போதும் வரிகளுள்ள பாட்டு வேண்டாம். அது சொற்களோடு போட்டிபோடும்.
• தடை போடுவதற்கு முன், "இந்தப் பாட்டில் உனக்கு என்ன பிடித்திருக்கிறது?" என்று கேளுங்கள். இயர்போனில் ஒன்றை வாங்கி நீங்களும் கேளுங்கள்.
• தூக்கம், சாப்பாடு, நண்பர்கள் மூன்றிலும் பிள்ளை விலகினால் தேசிய மனநல உதவி இலக்கமான 1926ஐ அழையுங்கள். சிறுவர் பாதுகாப்புக்கு 1929.

இயர்போனைப் பறித்துவிட்டால் பாட்டு நிற்கும். பிள்ளையின் துயரம் நிற்காது. அதைப் பேச வைப்பதுதான் நம் வேலை.