பனமலை உமையும் ஆயில் பெயிண்டிங்கும்

திண்டிவனம்–விழுப்புரம் ஹைவேயில இருந்து மேற்கே உள்ளே போனா பனமலை. ராஜசிம்ம பல்லவன் 8ஆம் நூற்றாண்டுத் தொடக்கத்துல கட்டின தாளகிரீஸ்வரர் கோயில். அங்க ஒரு சின்னச் சந்நிதிச் சுவர்ல உமை நிக்கிறாங்க. தலையில கிரீடம், மேல குடை, ஒரு கால் மடக்கி, சிவன் ஆடுறதைப் பார்த்துக்கிட்டு. ஆடுற சிவன்தான் பெரும்பாலும் அழிஞ்சுபோயிட்டார்.

இது ஆயில் பெயிண்டிங் இல்ல, சுண்ணாம்புப் பூச்சு மேல வரைஞ்சது. ஆனா ரெண்டுக்கும் பிரச்சினை ஒண்ணுதான்: அடி லேயர் சரியில்லைன்னா மேல என்ன போட்டாலும் நிக்காது.

கேன்வாஸ்ல உருவம் வரையணும்னா முதல்ல கரிக்கோடு. அப்புறம் டர்பன்டைன் கலந்து நீர்க்க ஒரு பழுப்பு. வெளிச்சம் எங்க, நிழல் எங்கன்னு இங்கேயே முடிவாகணும். அதுக்கு மேலதான் தோல் நிறம். கண்ணோட மினுக்கு கடைசி. மேல போகப் போக எண்ணெய் கூடணும். ஏன்னா ஆளிவிதை எண்ணெய் தண்ணி மாதிரி ஆவியாகிக் காயாது. காத்துல இருக்கிற ஆக்சிஜனோட சேர்ந்து மெதுவா இறுகும். எண்ணெய் அதிகமான லேயர் அடியில இருந்தா, மேல இருக்கிறது முதல்ல இறுகிடும், அடியில இருக்கிறது அசைய அசைய வெடிப்பு விடும். வீக்கெண்ட்ல முடிச்சிடலாம்னு (நான் நினைச்ச மாதிரி) நினைக்காதீங்க.

ஆயில்ல தப்பு பண்ணினா சுரண்டிட்டுத் திரும்ப வரையலாம். பனமலைச் சுவர்ல பூச்சு உதிர்ந்தா, கோடும் அதோடவே போயிடும். போனீங்கன்னா தள்ளி நின்னு பாருங்க, சுவர்ல கை வைக்காதீங்க.