பதுவைப் புனித அந்தோணியார் (1195–1231)
கச்சத்தீவு ஆலயத்தின் பாதுகாவலர்

லிஸ்பன் நகரில் பிறந்தவர், இயற்பெயர் பெர்னாண்டோ. மொராக்கோவில் கொல்லப்பட்ட ஐந்து பிரான்சிஸ்கன் துறவியரின் உடல்கள் கொயிம்பிராவுக்கு வந்தபோது மனம் உருகி, 1220-இல் அவர்களது சபையில் சேர்ந்தார். தாமும் மொராக்கோவுக்குக் கப்பலேறினார்; அங்கே நோய் வாட்டியது. ஊர் திரும்பும் வழியில் காற்று கப்பலைத் திசைமாற்றிச் சிசிலியில் ஒதுக்கியது.

அதன்பின் பெரும்பாலும் இத்தாலியிலேயே பணி. மறையுரையால் பெயர் பெற்றார். சகோதரர்களுக்கு இறையியல் கற்பிக்கும் பொறுப்பை அசிசி பிரான்சிஸ் அவரிடம் ஒப்படைத்தார். பதுவையில் கடனாளிகளைச் சிறையிலிருந்து காக்கும் சட்டம் 1231-இல் பிறந்ததற்கு அவர் குரலும் காரணம். அவ்வாண்டு ஜூன் 13-இல் மறைந்தார்; ஓராண்டுக்குள் புனிதர் பட்டம் பெற்றார். 1946-இல் திருச்சபையின் மறைவல்லுநராக அறிவிக்கப்பட்டார்.

அடக்கம் நடந்த நாள் செவ்வாய். தமிழகத்திலும் ஈழத்திலும் செவ்வாய்தோறும் அந்தோணியார் ஆலயங்களில் கூட்டம் சேர்வது அதனால்தான். தொலைந்த பொருளைத் தேடுவோரும் அவரையே வேண்டுவர்.

இத்தீவில்

ஊரும் குடிநீரும் இல்லாத கச்சத்தீவில், மீன்பிடிக்க வந்தோர் முன்பு தங்கி வலை உலர்த்தினர். இங்கிருந்த பழைய ஆலயத்தை 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ராமநாதபுரத்துச் சீனிக்குப்பன் படையாட்சி கட்டினார் என்பது வழக்கு. புதிய ஆலயம் 2016 டிசம்பரில் திறக்கப்பட்டது.

1974 ஒப்பந்தப்படி தீவு இலங்கைக்கு உரியது. இந்திய யாத்திரிகர்கள் விசா இன்றி வரலாம். தவக்காலத்தையொட்டி நடக்கும் திருவிழாவில் இருகரை மீனவக் குடும்பங்களும் ஒரே திருப்பலியில் கலந்துகொள்கின்றன.